பிணம் விழாத கதை

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு
திருச்சினாங்குப்பத்தில் வரிசையில் சேர்ந்தேன்.
இப்போது விடிகாலை மூன்று.
வண்டி நகர்ந்தது நானூறு அடி.
இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, இருட்டில் கடல் சத்தம்.
வலப்பக்கம் தூரத்தில்
மணலிப் புகைபோக்கியின் உச்சியில் அணையாத தீ.
முன்னும் பின்னும் பெட்டி, பெட்டி, பெட்டி.
என் முதுகிலும் நாற்பதடிப் பெட்டி ஒன்று,
சீல் வைத்தது.
உள்ளே என்னவென்று இருபத்திரண்டு வருஷமாக
நான் கேட்டதில்லை.

துறைமுக வாசல் திறக்கும்வரை
நாங்கள் படிக்கிறோம்.

பின்வண்டி டில்லிபாபுவுக்குப் பேய் வேண்டும்.
ராத்திரியில் படிக்காதே என்று எச்சரித்துத்தான் கொடுப்பான்;
பகலில் எவன் படிக்கிறான்?
முன்வண்டி சம்மனசுக்கு
ராஜா, கோட்டை, குறைந்தது நாற்பது குதிரை.
எனக்குக் கொலை.
முப்பதாம் பக்கத்துக்குள் ஒரு பிணம் விழவில்லையென்றால்
புத்தகத்தை டேஷ்போர்டில் வீசிவிட்டுக்
கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

தனகோட்டி சைக்கிளில் டீ கொண்டுவருவாள்.
ஒரு பக்கம் கேன், மறுபக்கம் பை,
பையில் பேப்பர் கப்புக்கு அடியில்
பால் கவரில் சுற்றிய நாவல்கள்.
கதை சொல்லமாட்டாள். மூஞ்சியைப் பார்ப்பாள்,
"இது உனக்கு" என்பாள்.
காசு டீக்கு மட்டும்.
"அறுபது பக்கம் நீ பொறுத்துக்கோ,
அப்புறம் அது உன்னப் பொறுத்துக்கும்."

போன மாதம் எனக்கு அவள் எடுத்துக் கொடுத்தது
அட்டை கிழிந்த ஒரு குடும்பக் கதை.
ஒருத்தி வீடு மாறுகிறாள்.
அவ்வளவுதான்.
முந்நூறு பக்கத்தில் பதினோரு வாடகை வீடு,
அம்மிக்கல்லை எங்கே போடுவதென்று
அதற்கொரு அத்தியாயம்.
"என்னக்கா, ஒருத்தனும் சாகல?"
கேன் குழாயைத் திருகி மூடினாள்.
"கொலதான வேணும்? இருக்கு. போய்த் தேடு."

தேடினேன்.
சுங்கச்சாவடியில் தேடினேன், காசிமேட்டு வளைவில் தேடினேன்.
முதல் சந்தேகம் மாமியார்மேல்;
அவள் பாவம், வெறும் சாட்சி.
புருஷன்மேல் இரண்டு நாள் கண் வைத்தேன்.
நூற்று எழுபத்தெட்டாம் பக்கத்தில்,
ஏழாவது வீட்டில், மழைநாளில்,
ஈரவிறகு பிடிக்கவில்லை என்று
டிரங்குப்பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து
அடுப்புக்குக் கொடுக்கிறாள்.
நர்சு படிப்புக்கு அவளைக் கூப்பிட்ட கடிதம்.
ஒரே வரி. அடுத்த வரியில் உலை கொதிக்கிறது.
முதல் தடவை அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன்,
ஹைபீம் போட்டுக்கொண்டு.

டில்லிபாபு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
முன்னால் வரிசை நகர்ந்து
இரண்டு வண்டி இடம் கிடந்தது.
வீட்டுக்குப் போன் போட்டேன். மணி மூன்றரை.
எங்க மோதின என்று பதறினாள்.
"இல்ல, அந்தக் காலத்துல
உனக்கு எதுனா லெட்டர் வந்துச்சா?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"குடிச்சிருக்கியா" என்று வைத்துவிட்டாள்.

புத்தகத்தை டில்லிபாபுவிடம் நீட்டினேன்.
"பேய் கீதா?"
"கீது. பகல்லயும் வருது. சமைக்குது."
இருபதாம் பக்கத்தில் தூங்கிவிட்டானாம்.
சம்மனசு, "ராஜா?"
"கீறான், லுங்கி கட்டினு."
சிரிக்காமல் வாங்கிக்கொண்டான்.
மூன்று டிரிப் என்னோடு பேச்சில்லை.

இன்றைக்கு இறங்கி வந்து
என் கதவைத் தட்டி
"நூத்தி எழுவத்தெட்டு" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
தன் ராஜா கதை ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனான்,
இரண்டாம் பாகம்.
முதல் பாகம் யாரோடோ கிருஷ்ணப்பட்டினம் போய்விட்டதாம்.

யார் யாருக்கு மகன், எதற்கு இந்தப் போர்,
ஒரு எழவும் புரியவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரன்.
பெயர்கூட வைக்கவில்லை அவனுக்கு.
அரக்கு முத்திரை போட்ட சாடிகளை ஏற்றிக்கொண்டு
கோட்டைக்கு வெளியே நிற்கிறான்,
முன்னால் முப்பது வண்டி.
இன்னும் விடியவில்லை.

அட.
காலை சீட்டில் மடக்கிக்கொண்டேன்.