கைக்கு அடக்கம்

ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே
நாலடி மேசை என்னுடையது.
சாலிடர் புகையைத் துரத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன்.
என் வியர்வைக்கு அதுவும் இல்லை.

கரண்ட் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
குணசுந்தரி வந்தாள்.
அம்பத்தூர் எஸ்டேட், பவர் பிரஸ் என்றாள்.
மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தாள்:
சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கேம் பெட்டி,
பக்கத்தில் தன் வலது கை.
மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும்
கூட்டம் கலைந்தபின் நிற்பவர்களைப் போல
நின்றுகொண்டிருந்தன.

"முதல் போனஸ்ல பர்மா பஜார்ல வாங்கினது.
இந்தப் பக்கத்துப் பட்டன் ரெண்டும்
அந்தப் பக்கம் வரணும். வருமா?"
வரும் என்றேன்.
வரும் என்று சொல்வதுதான் பாதித் தொழில்.
"பாவம்னு கொறைக்காத.
புதுசான வேலைன்னு ஏத்தாத."

கையடக்கம் என்கிறோம்.
எந்தக் கைக்கு என்று யாரும் கேட்டதில்லை.
நடப்பது இடது கட்டைவிரல், குதிப்பது வலது என்று
பலகையில் செம்புக் கோடாகவே போட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்.
தகரம். ஷார்ட் ஆகி, ஸ்கிரீன் வெளுத்து,
செத்ததுபோல் கொஞ்ச நேரம் நடித்தது.
அடுத்து மூக்குக்கண்ணாடிக் கூடு:
நீளம் இருந்தது, ஆழம் இல்லை.
எதிர்க் கடையில் ஒரு உருண்டை பரோட்டா மாவு வாங்கி
"இறுக்கிப் பிடிங்க, பிடி அளவு தெரியணும்" என்றேன்.
பத்தே நிமிடத்தில் மாவு அவள் கையை மறந்துவிட்டது.
மாஸ்டர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்,
யாருக்குப் போட்டாரோ தெரியாது.

கடைசியில், சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் வாசலில்
இருபது ரூபாய் சோப்பு டப்பா.
கத்திரிப்பூ நிறம், வழவழத்த மூலைகள்.
இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
"இது போதும். இதுல அடக்கு."

பலகையின் வலது ஓரத்தை ரம்பத்தால் அறுத்தபோது
அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.
நான்தான் திருப்பிக்கொண்டேன்,
அதனால்தான் மயிரிழைக் கோடு ஒன்று சேர்ந்து அறுபட்டது.
"கைய பார்த்து அறு," என்றாள்.
பிறகு, வேறு எதையோ சொல்வதைப் போல,
"அந்த மெஷினுக்கும் கார்டு இருந்துச்சு.
பீஸ் எண்ணிக்கை ஏறலைன்னு கழட்டி வெச்சிருந்தாங்க."

அறுபட்டதை எனாமல் கம்பியால் சேர்த்தேன்.
டப்பாவின் முதுகில் இரண்டு ஓட்டை:
ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று.
பேட்டரி, யாரோ கைவிட்ட செல்போனுடையது.
தண்ணீர் வடியும் பள்ளத்தில் ஸ்பீக்கர்.
நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்கு
மேலிருந்து கட்டைகள் இறங்கத் தொடங்கின.
அவள் சிரிக்கவில்லை, ஆடினாள்.
மூன்றாவது ஆட்டத்தில்
எத்தனையோ வருடமாக நான் காப்பாற்றி வைத்திருந்த ஸ்கோர்
போயிற்று.

பதினோராம் நாள் திரும்பி வந்தாள்.
உடைந்துவிட்டதா என்று மனசு கேட்டது, வாய் கேட்கவில்லை.
"ஆள்காட்டிப் பட்டன் ரெண்டு மில்லி மேல ஏறணும்.
ஒன்பதாவது லெவலுக்கு மேல என் விரல் முந்துது."
எப்போது ஆடுகிறீர்கள்?
"ரயில்லதான். நின்னுக்கிட்டே."
வலது கையின் இரண்டு விரலும் கம்பியில் கொக்கி போட்டுக்கொள்ள
இடது கை ஆடுமாம், ஆவடி லோக்கல் நெரிசலில்.
இரண்டு கையாலும் ஆடப்போய் நான்
பெரம்பூரில் ஒரு போலீஸ்காரர் மடியில் விழுந்தவன்.

டப்பாவைத் திறந்தேன்.
ஸ்பீக்கர்மேல் பழைய சீசன் டிக்கெட் ஒன்றை
நான்காய் மடித்து, சத்தம் குறைய,
அளவாக டேப் போட்டு ஒட்டியிருந்தது.
என் வேலை இல்லை.

"இதை யார் திறந்தது?"

"நாலு ஸ்குரூ," என்றாள்.
"அதுக்கெல்லாமா உன்கிட்ட வரணும்?"