இடது கை

சோஹாரில் ஆகஸ்ட் மாதம்
கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கும்.
உள்ளே ஏசி இருபதில்.
பயிற்சிக் கூடத்தில் ஆறு மாணவிகள், ஒரு ரப்பர் கை,
என் மடியில் படிவம்:
இருபத்திரண்டு வரிகள், வரிக்கு ஐந்து கட்டம்.

இன்று பாடம் எடுப்பவர் பியூலா.
பத்தொன்பது வருஷம் அவசரப் பிரிவு.
நரம்பு கிடைக்காத குழந்தை என்றால்
நடு ராத்திரியில் டாக்டர்களே இவரைத்தான் கூப்பிடுவார்கள்.
ஆசிரியராக மட்டும் இன்னும் தேறவில்லை.
தேறினாரா என்று சொல்ல வேண்டியவன்
அவரைவிட ஒன்பது வயது சின்னவன்.

"கவனிங்க" என்றார்.
கட்டினார் தட்டினார் குத்தினார்
ரப்பருக்குள்ளிருந்து சிவப்புச் சாயம் எட்டிப் பார்த்தது
பிளாஸ்டரும் ஒட்டியாயிற்று.
ஐந்து பேர் தலையாட்டினார்கள்.
ரய்யா கேட்டாள்:
"மிஸ், எப்போ குத்தினீங்க?"

இன்னொரு தடவை. அதே வேகம்.
எவ்வளவு சாய்வு என்று கேட்டதற்கு
"அது... கைக்குத் தெரியும்."
ஏழாவது வரி, 'படிப்படியாக விளக்குகிறார்':
இரண்டு போட்டேன்,
பென்சிலில்.

பதினோரு நிமிடம் மிச்சம்.
பியூலா கையுறையைக் கழற்றினார். வேறு போட்டார்.
புது கேனுலாவை
இடது கையில் எடுத்தார்.

அது நடுங்கியது.
இத்தனை வருஷமும்
தோலை இழுத்துப் பிடித்ததோடு சரி, அந்தக் கை.
"இருங்க... கட்டைவிரல் எங்கே போகணும்?
ம், இங்கே. வழுக்குது பாருங்க, இன்னும் இழுக்கணும்.
ஊசியோட வாய் மேலே பார்க்குதா? பார்க்குது.
ஐயோ, சாய்வு அதிகம். கொஞ்சம் படுக்க வைக்கிறேன்."
பாதி ஆங்கிலம், பாதி வார்டில் பொறுக்கிய அரபி.

முதல் குத்து தப்பியது.
அஸீலா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.
இரண்டாவதும் தப்பியது.
ஏன் என்று ரய்யாவே சொன்னாள். சரியாகச் சொன்னாள்.
மூன்றாவதில் சிவப்பு வந்தபோது
மாஷா அல்லாஹ் என்றது ஒரு குரல்,
பியூலாவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேர்வை,
ஏசி இருபதிலேயே.

படிவத்துக்குத் திரும்பினேன்.
'செய்முறைத் தேர்ச்சி': இரண்டு முறை தவறு.
'நேரக் கட்டுப்பாடு': நான்கு நிமிடம் கூடுதல்.
ஏழாவதை மட்டும் அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.
கூட்டிப் பார்க்கவில்லை.
இரண்டு மணிக்குள் மேலே அனுப்ப வேண்டும்.

வராந்தாவில் ரய்யா
மூடிய பேனாவை இடது கையில் பிடித்து
தன் வலது கை நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"சாய்வு அதிகம்" என்றாள் அஸீலா,
சமோசாவிலிருந்து கண்ணெடுக்காமல்.