பிரசிடெண்ட் வீட்டுக்காரர்

பெரிய வியாழன் பன்னிருவரில்
இந்த வருஷம் நான் ஏழாவது.
சாமியார் கழுவப்போகும் வலது காலை
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனேன்.
எல்லோரும் அப்படித்தான்.
இன்னாசி நகம்கூட வெட்டியிருந்தான்.

சட்டைப் பையில் பச்சை மைப் பேனா.
அவளுடையது.
இரண்டு வருஷமாய் என் பையில்.

செங்கோல்மேரி,
ஆரோக்கியபுரம் ஊராட்சி மன்றத் தலைவர்.
தேவகோட்டையிலிருந்து ஏழு கிலோமீட்டர்,
நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு,
பெண்களுக்கென ஒதுக்கிய நாற்காலி.
பதவியேற்ற அன்று அவள் உட்கார்ந்தாள்.
மறுநாளிலிருந்து நான்.
சுழலும் நாற்காலி, முதுகுக்கு இதம்.
கிராமசபைக்கு வந்து வணக்கம் சொல்வாள்,
மீதியை நான் சொல்வேன்.
பெயரிலேயே செங்கோல் வைத்திருந்தவளிடம்
ஒரு ரப்பர் ஸ்டாம்பைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

யாராவது கேட்டால்
புருஷன்தானே தலை, திருமுகத்தில் இருக்கிறதே என்பேன்.
கோயிலில் அதை வாசிப்பவனும் நான்தான்.
மைக்கில் அந்த வரி வரும்போது
ஒரு மூச்சு நிறுத்திப் பெண்கள் பக்கம் பார்ப்பேன்.
அடுத்து வருவது
தன்னையே கொடுத்த ஒருவரைப் பற்றியது.
அதைக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவன்போல
வாசித்து முடிப்பேன்.

மாசியில் வந்தார்கள்
பர்மாக்காரர் வீட்டை வாங்கியவர்கள்.
இருபது வருஷம் பூட்டிக் கிடந்த இரண்டாங்கட்டில்
இனி வெள்ளைக்காரர்கள் தங்குவார்களாம்,
பின்கட்டில் நீச்சல் குளமாம்.
ஊருணிக் கரையில் ஆயிரம் அடி போர் போட
ஆட்சேபணை இல்லையென்று ஒரு தாள் வேண்டும்.
கோயிலுக்குப் பெயிண்ட் அடித்துத் தருவதாகவும் சொன்னார்கள்.
கையெழுத்தை நானே போட்டேன்.
'செ'யின் கொம்பு அவளுக்குக் கொஞ்சம் சாயும்.
அவளைவிட நன்றாய்ச் சாய்ப்பேன் நான்.

சாமியாருக்கு மூட்டுவலி.
ஆத்தங்குடிக் கல்லில் முழந்தாள் ஊன்றி
ஒவ்வொரு காலுக்கும் ஒரு முனகலோடு நகர்ந்தார்.
ஐந்து. ஆறு.
என் குதிகாலைப் பிடித்தவர் நிமிர்ந்து,
"கழுவிட்டே வந்துட்டியா, சந்தியாகு?" என்றார்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
கையைக் கழுவியவன் கதை நாளைக்கு வரும்.
காலைக் கழுவிக்கொண்டு வந்தவன் கதை
எங்கும் இல்லை.

அப்போதுதான் பின்வாசலில் அவள்.
சேலையைத் தூக்கிச் செருகி
முழங்கால்வரை செஞ்சேறு.
ஊரே கோயிலில் இருக்குமென்று
பொழுதிறங்க வந்த போர் லாரியை
ஏழு பெண்களோடு மறித்து நின்றாளாம்.
டிரைவர் தாளைக் காட்டினானாம்.
"இது என் கையெழுத்து இல்லை" என்றாளாம்.
அவ்வளவுதானாம். என் பேரை எடுக்கவில்லையாம்.
இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.
அந்த நேரம் தெரிந்தது
தரையில் பூப்போட்ட கல்மேல்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் பதிந்து வந்த சிவப்புப் பாதங்கள் மட்டும்.

ராத்திரி வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன்.
"தள்ளுங்க. காஞ்சா தானா உதிரும்.
ஸ்டாம்பு எங்கே?"
பீரோவில், என் சட்டைகளுக்கு அடியில்.
கொடுத்தேன்.
"பேனா?"
கொடுத்தேன்.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள், மை இருக்கிறதா என்று.
திட்டியிருந்தால் எனக்கு லேசாய்ப் போயிருக்கும்.
"நாளைக்குக் காலையில பி.டி.ஓ.வைப் பார்க்கணும்.
வண்டி எடுப்பீங்களா?"
அந்தத் தாளை யார் எழுதியதென்று
அங்கே அவள் சொல்வாளா என்று கேட்க
வாய் வரவில்லை.

பெரிய வெள்ளி விடிந்தது.
அவள் உள்ளே மனு எழுதிக்கொண்டிருந்தாள்.
நான் அடுப்படியில், கையில் அகப்பை,
நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.
வாசலில் யாரோ
"தலைவரே!" என்றார்கள்.

என் கழுத்து தானாகத் திரும்பியது.
கஞ்சி பொங்கி
அடுப்பை அணைத்தது.