எறும்புக் கண்ணளவு

முந்தாநாள் மீனம்பாக்கத்தில்
சரக்கு அறையின் கூரைப் பலகையைக் கழற்றினேன்.
கிளாம்ப் தளர்ந்த ஒயரொன்று
பறந்து பறந்து சட்டத்தில் தேய்ந்து
செம்பு காட்டியது, எறும்புக் கண்ணளவு.
நூற்றெண்பது பேர் வாசலில்.
கையெழுத்துப் போடவில்லை. திட்டு வாங்கினேன்.

இன்றிரவு குடியாத்தம், கலைமதிக்கு வரவேற்பு.
பந்தல் தகரத்தின் விளிம்பில்
சீரியல் விளக்கு ஒயர்
காற்றுக்குக் காற்று உரசுகிறது.
பின்னால் தீப்பெட்டிக் குடோன்,
பாதி இறங்கிய ஷட்டர்.
இரண்டாம் பந்திக்கு இலை போடுகிறார்கள்.
யாரையும் கேட்காமல் மெயினை இறக்கினேன்.

இருட்டு. பாட்டு அறுந்தது.
மாப்பிள்ளை வீட்டார் குரல்கள்
என் பெயரை விசாரிக்கின்றன.
தணிகாசலம் சித்தப்பா செல்போன் வெளிச்சத்தில்
ஒயரைத் திருப்பிப் பார்க்கிறார்.
"இதுக்கா?"

செம்பு. அதே அளவு.

"இதுக்குத்தான்.
டேப் இருந்தா குடுங்க."