இடது காதுப் பாட்டு

ஒன்றரை ஷிப்ட் முடிந்து
பதினஞ்சு வேலம்பாளையத்து லைன் வீட்டுக்கு வந்தால்
மற்ற நாலு பேரும் தூங்கியிருப்பார்கள்.
எனக்கும் சூடாமணிக்கும்
ஒரு போன், ஒரு ஹெட்செட்.
இடது எனக்கு. வலது அவளுக்கு.

ஜப்பான் நாடகம், மொத்தமே பதினோரு பாகம்.
பேச்சுக்குக் கீழே எழுத்து ஓடும்,
பாட்டுக்கு ஓடாது.
தொடக்கப் பாட்டில் தலைப்பஞ்சைத் தட்டுவோம்.
முடிவுப் பாட்டில் அவள் பல் விளக்கப் போவாள்.
நடுவில் ஒன்று வருமே, அதுதான்.

ரயில்வே கேட் இறங்கும்.
அந்தப் பக்கம் அவன்.
இந்தப் பக்கம் இவள் வாயைத் திறப்பாள்,
சிமெண்ட் தரையில் பட்டன் ஒவ்வொன்றாக விழுகிற மாதிரி
ஒரு பியானோ.
அழப்போகிறாள் என்று
அவளுக்கு முந்தி எங்களுக்குத் தெரியும்.

"நெம்ப வெசனமாப் பாடறா" என்பாள் சூடாமணி.
பியானோவைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்றிருந்தேன்.
பீஸ் மடிக்கையில்
புரியாத சொற்களை நீட்டி நீட்டி முனகுவாள்.
"உங்கப்புச்சி ஜப்பானாடி?"
செக்கிங் டேபிளே சிரித்தது.
தொடங்கி வைத்தது நான்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம், ஊதியூர்ப் பக்கம்.
ரெண்டு பையோடு பஸ் ஏறினாள்.
ஜன்னலில் முகம் தெரிந்தது.
எந்தப் பாட்டும் வரவில்லை.
கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தார்,
பஸ் போய்விட்டது.

கொஞ்ச நாள் நாடகத்தைத் திறக்கவில்லை.
அப்புறம் ஒரு ராத்திரி, ஆறாம் பாகம்.
சும்மா தொங்கிய வலதையும் எடுத்து மாட்டினேன்.
கேட் இறங்கியது. பட்டன்கள் விழுந்தன.
வலது பக்கத்தில் ஒருத்தி பாடினாள்.
மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.
சூடாமணி முனகிய அதே சொற்கள்,
நீட்டலும் அதே நீட்டல்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக் கூப்பிட்டேன்.
மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
"நீ சும்மா பாடலடி" என்றேன்.
"என்னது?"
"அந்தக் கேட் பாட்டு. பியானோவோட ஒருத்தி..."
மிக்ஸி நின்றது.
"பியானோவா?
அதுல எங்கடி பியானோ?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.
ஒறம்பரை வந்திருக்காங்களாம், காப்பி வேணுமாம்.
"இரு, வெச்சிறாத" என்றாள்.
போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து
டிங், டிங் என்று ஆரம்பித்தேன்.
எனக்குப் பாடவே வராது.