எண்ணெய் தொடாத நாட்கள்

படிவத்தில் என் தொழிலுக்குச்
"சம்பாகனர்" என்று பெயர் போட்டிருந்தார்கள்.
கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.
"சிங்களத்தில இருந்து இறங்கின சமஸ்கிருதம், தங்கச்சி.
நீ மசாஜ் எண்டே எழுது."
எழுதினேன்.
அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு
ஐந்து வாசல் ஏறி இறங்கினேன்.

கிராம சேவகர் நற்சான்று தந்தார்.
தந்தவர் பேனையை மூடாமல்
"ஆம்பிளையளுக்குமா?" என்றார்.
"முதுகுக்கு" என்றேன்.

வாழைச்சேனைப் பொலிஸில் வாங்கு.
எனக்கு முன்னால் ஆடு களவு போன ஒருவர்
ஆட்டின் நிறத்தை
மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.
என் முறை வந்தது.
சார்ஜன்ட் என்னைக் கேட்கவில்லை,
கதவைக் கேட்டார்.
உள்ளே கொண்டி இருக்குதா?
கண்ணாடி எத்தனை அங்குலம்?
புதுச் சட்டப்படி கொண்டி கூடாதாம்.

கொண்டி கூடாது என்று முதலில் சொன்னவள் நான்.
இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?
பாசிக்குடா ஹோட்டலில்
சேர்ந்து இரண்டாம் மாதம்,
ஒரு மத்தியானம்,
என் முதுகுக்குப் பின்னால் அது விழுந்த சத்தம்
இன்னும் காதில் கிடக்கிறது.
மனேஜர் "பார்ப்பம்" என்றார்.
பார்க்கவில்லை.
ஏசி திருத்த வந்த பொடியனிடம் திருப்புளி வாங்கி
நானே கழற்றிக் கடலுக்குள் எறிந்தேன்.
நாலு ஆணி. ஒன்று துருப்பிடித்தது.
சட்டம் பன்னிரண்டு வருடம் பிந்தி வருகிறது.
வரட்டும்.
வந்தது நல்லது.

பயிற்சி மணித்தியாலம் அறுநூறு,
ஹோட்டல் கடிதத்தில் இருக்கிறது.
ஹோட்டல் இல்லை.
கடிதத்தலைப்பில் இருந்த இலக்கத்துக்கு
மேல்மாடி ஐயா அடித்துப் பார்த்தார்.
"சூடை முடிஞ்சுது, நாளைக்கு எடுங்க"
என்றது மறுமுனை.
சிரிக்காமல் ஒப்பம் வைத்தார்,
அதற்கு அவருக்கு நன்றி.

கடைசி வாசல், கைரேகை.
பெயர்ப்பட்டியில் எம்.ஐ. பஸ்மியா.
ஏறாவூர் பஸ்ஸில் பார்த்த முகம்.
வலது பெருவிரலை வைத்தேன். சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
சுட்டுவிரல், நடுவிரல்,
தேசிக்காய்த் துண்டு தேய்த்து மறுபடி பெருவிரல்.
"மீண்டும் முயலவும்" என்றது மெஷின்.
அந்த வாசல்களில் நான் கண்ட
பிழையில்லாத தமிழ் அது ஒன்றுதான்.

பஸ்மியா என் கையைப் பிடித்துத்
தன் கண்ணருகே கொண்டுபோனாள்.
"எங்கக்கா ஒங்கட ரேக?"

எங்கே என்று சொல்ல?
ஜெர்மன்காரர் ஒருவரின் தோள்பட்டையில் கொஞ்சம்.
நாரி உளைந்து வந்த லொறி ட்ரைவர்களில்,
சிசேரியன் முடிந்து நாற்பதாம் நாள் வந்த ரீச்சரில்,
மிச்சம் நல்லெண்ணெய்ப் போத்தல்களில்.

"பதினஞ்சு நாளைக்கு எண்ண தொடாம இரிங்க.
வேலயும் வாணாம். ரேக வளந்திரும்.
பொறகு வாங்க, லைசன் தரலாம்."

வேலை செய்ய அனுமதி வேண்டுமென்றால்
வேலை செய்யாத கையோடு வரவேண்டும்.
கதிரையை விட்டு எழும்பும்போது
அவள் கழுத்தைச் சரித்து, இடப்பக்கம் பிடித்துக்கொண்டாள்.
எந்த நரம்பு என்று எனக்குத் தெரிந்தது.
சொல்லாமல் வந்தேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
விரல் நுனியில் மெல்லிய கோடுகள்,
வற்றுக்குப் பிறகு வாவிக்கரைச் சேற்றில் தெரிகிறதுபோல.
மூன்று பேரை "பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.
சீட்டுக்காசு கட்டவில்லை.

இரவு பதினொரு மணி.
வலயப் போட்டியில் வலைப்பந்து ஆடி வந்தவள்,
மூத்தவள் லக்சாயினி,
பாயில் துள்ளி எழுந்து கத்துகிறாள்:
"அம்மோ, கெண்டை புடிச்சிட்டு!"

போத்தல் தட்டில் இருக்கிறது.
ஆறு நாள் இருக்கிறது.

"காலை நீட்டுடி" என்றேன்.
எண்ணெயை அவளையே ஊற்றச் சொல்லி
சட்டைக் கையை மடித்து
முழங்கையைக் கெண்டையில் வைத்து அழுத்தினேன்.

முழங்கைக்கு ரேகை இல்லை.