காப்பு

எங்கள் காம்பராவில் அளவென்றால் கால் போத்தல்தான்.
மண்ணெண்ணெய் ஒரு கால் போத்தல்.
தேங்காயெண்ணெய் அதில் பாதி.
தங்கச்சியின் இருமலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில்
சிவப்புத் தண்ணி மருந்து கொடுப்பார்கள்,
போத்தலை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.
மருந்துக்காரர் அதை மூக்கருகே பிடித்துப் பார்த்து
"கழுவலியா?" என்பார்.
கழுவினோம் ஐயா.
சாம்பல் போட்டு, மூன்று தரம்.

மூடியில் ஆணி அடித்துத் திரியை இறக்கினால்
அதுவே விளக்கு.
அந்த வெளிச்சத்தில்தான் நான் பின்னக் கணக்குப் படித்தேன்.
அப்பா குடித்த அளவுக்கு
எங்கள் வீட்டில் விளக்கிருந்தது.
சிரிக்கலாம்.
நாங்களும் சிரித்திருக்கிறோம்.

பத்தாம் தேதி சம்பளம்.
"ஆபீஸ் வாசல்ல நில்லு, அப்பா கைய விட்டுறாத"
என்று அம்மா என்னை அனுப்புவாள்.
விடவில்லை.
ஏழாம் நம்பர் மலையின் முடக்கு வரை
பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.
"ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன், இங்கயே நில்லு"
என்று கான் வழியே இறங்கினார்.
கீழே ஆற்றோரம், மானாப் புல்லுக்குள்
யாருடைய பீப்பாய் என்று எல்லோருக்கும் தெரியும்.
பனி வந்து முதலில் ஆற்றை எடுத்தது,
பிறகு கொழுந்து மலையை,
பிறகு என் காலை.
நான் அங்கேயே நின்றேன்.
நில்லு என்று சொன்னாரே.

மாசி பிறந்தால் மட்டும் வேறு கதை.
காமன் ஊன்றிக் கையில் காப்புக் கட்டியதும்
அழகமுத்து என்ற என் அப்பா
ஒரு சொட்டுத் தொடமாட்டார்.
அவர்தான் ரதி.
மேக்கணக்கில் அவரைப்போல் ரதி கட்ட ஆளில்லை.
அம்மாவின் கூறைச் சேலை,
அம்மாவின் கண்ணாடி வளையல்,
மழித்த முகத்தில் அரிதாரம்.
ராத்திரி தப்புச் சத்தம் லயம் லயமாக ஏறிவரும்.
காலையில் அதே மனிதர்
தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவார்,
கோணலாக.
ரொட்டி சுடுகையில் அம்மா
என்னவோ முணுமுணுப்பாள்,
பாட்டென்றுகூடச் சொல்ல முடியாது.
அந்த நாட்களில் பேர் விழுந்தது முழுப் பேர்,
அரைப் பேர் இல்லை.

பத்து வயதில் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது:
காமன் எரிந்தால் காப்பு அறுப்பார்கள்.
காப்பு அறுந்தால் ஆறு அங்கேயே இருக்கிறது.

அந்த வருசம் காப்பறுக்கும் கத்தியைக்
கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தேன்.
சிவனுக்குக் கண் வலிக்கட்டும்,
இன்றைக்குத் திறக்க முடியாமல் போகட்டும்
என்று வேண்டிக்கொண்டேன்.
கம்பியில் ஓடிவந்த தீ பந்தலில் விழுந்தது.
அப்பா தலைவிரித்து மண்ணில் புரண்டு அழுதார்,
என் கணவா, என் கணவா என்று.
கூட்டத்தில் நின்ற அம்மா வாய் திறக்காமல்
ஒவ்வொரு வரியையும் கூடவே சொன்னாள்.
நான் அழுத அழுகையைப் பார்த்து
"பய பக்தியான பய" என்றார் தலைவர்.
மூன்றாம் நாள் மன்மதன் எழும்பினான்.
கத்தியைத் தேடினார்கள்.
பிறகு யாரோ பல்லால் கடித்தே
காப்பை அறுத்துவிட்டார்கள்.

எனக்கு இப்போது நாற்பத்தொன்று.
வத்தளையில் ஹாட்வெயார் கடை, வாடகை வீடு.
அப்பாவின் ஈரல் எனக்கு இருக்காது என்று
இருபது வருசமாகக்
கால் போத்தல் கால் போத்தலாக
நிரூபித்துக்கொண்டிருந்தேன்.
இன்றைக்கு இருபத்திமூன்றாம் நாள்.
சாக்கு தைக்கும் நூலுக்கு மஞ்சள் பூசி
நானே கையில் கட்டிக்கொண்டது,
கோயிலுமில்லை, தப்புமில்லை.
கடையில் கேட்டால்
சுளுக்கு என்கிறேன்.

முந்தாநாள் சோறு தின்னும்போது
மகள் கிஷாந்தினி என் மணிக்கட்டைப் பார்த்து
"இத எப்பப்பா கழட்டுவ?" என்றாள்.
"பார்ப்போம்" என்றேன்.

நேற்றிலிருந்து வீட்டில் கத்தரிக்கோலைக் காணோம்.
மனைவி அலுமாரி அலுமாரியாகத் தேடுகிறாள்.
நான் தேடவில்லை.